உலகத்தின் மூச்சை அளக்கும் மலை

ஹீலோ ஊரில் குடை இல்லாமல் வெளியே கிளம்புகிறவர்கள் குறைவு. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம் அது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். பசிபிக் பெருங்கடலின் நடுவே, அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் உள்ள பெரிய தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது இந்த ஊர். கரையோரம் தென்னை, வீட்டுக் கொல்லையில் வாழை, மஞ்சள், கரும்பு, பள்ளத்தில் சேம்பு என்று பார்த்தால் நம் பக்கத்து ஊர் எதற்கோ வந்துவிட்டது போலத் தோன்றும். இவை எதுவும் அந்தத் தீவில் தானாக முளைத்தவை அல்ல. பல நூறு ஆண்டுகளுக்கு முன் பாலினீசிய மக்கள் கட்டுமரம் போன்ற இரட்டைப் படகுகளில் குடியேற வந்தபோது கிழங்கும் கன்றும் கரணையுமாகக் கொண்டுவந்தவை. சேப்பங்கிழங்குதான் அவர்களுக்குச் சோறு. அவித்து இடித்துக் கூழாக்கிச் சாப்பிடுவார்கள்.

ஹீலோவிலிருந்து மேற்கே ஏறும் சாலை இரண்டு பெரிய மலைகளுக்கு நடுவே போகிறது. வலப்புறம் மவுனா கியா, இடப்புறம் மவுனா லோவா. 'மவுனா' என்றால் ஹவாய் மொழியில் மலை, 'லோவா' என்றால் நீண்டது. நம் மவுனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மவுனா லோவா 4,169 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாவைவிட ஒன்றரை கிலோமீட்டர் கூடுதல். ஆனால் செங்குத்தாக நிற்காது. கவிழ்த்து வைத்த சட்டியைப் போல அகலமாகப் படுத்துக் கிடக்கும். இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை அது.

சாலை மேலே போகப்போக மழை விட்டுவிடும். மேகம் காலுக்குக் கீழே போய்விடும். மரம் குட்டையாகி, புதராகி, கடைசியில் புல்லும் இல்லாமல் போய்விடும். பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் வரை கறுப்புப் பாறைதான். உருகி ஓடி உறைந்த எரிமலைக் குழம்பு. அந்தப் பாறைக்கு நடுவே, 3,397 மீட்டர் உயரத்தில், சில தாழ்வான கட்டடங்களும் ஒரு கோபுரமும் இருக்கின்றன. 1956-ல் அமெரிக்க வானிலைத் துறை அமைத்த ஆய்வுக்கூடம் இது. கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. பத்து அடி வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும்.

பயிர் விளையாத, ஆள் குடியிருக்காத அந்த இடத்தைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. கரியமில வாயுவை வயல்வெளியில் நின்று அளந்தால் கணக்கு நிலையாக நிற்காது. கரும்புத் தோட்டத்தில் நடுப்பகலில் அளந்தால் குறைவாக இருக்கும், இலைகள் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதே தோட்டத்தில் விடியற்காலையில் அளந்தால் கூடுதலாக இருக்கும். இரவு முழுக்கப் பயிரும் மண்ணும் மூச்சு விட்டிருக்கும். நகரத்தில் அளந்தால் லாரிப் புகைதான் கணக்கில் வரும். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத காற்று வேண்டும் என்றால் பெருங்கடல் நடுவே, மேகத்துக்கு மேலே, செடி கொடி இல்லாத இடத்துக்குத்தான் போக வேண்டும். மவுனா லோவா அப்படிப்பட்ட இடம்.

இதைக் கண்டுகொண்டவர் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற இளம் வேதியியலாளர். கலிபோர்னியாவின் ஆற்றங்கரைகளிலும் காடுகளிலும் கண்ணாடிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு இரவு பகலாகக் காற்றுப் பிடித்து அளந்து பார்த்தவர் அவர். பிறகு ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் சேர்ந்து, அகச்சிவப்புக் கதிரால் வாயுவை அளக்கும் கருவி ஒன்றை இந்த மலைக்கு அனுப்பினார். 1958 மார்ச் மாதக் கடைசியில் அது காட்டிய முதல் அளவு: பத்து லட்சம் பங்கு காற்றில் 313 பங்கு கரியமில வாயு.

பத்து லட்சம் நெல்மணி என்பது ரகத்தைப் பொறுத்து 20 முதல் 25 கிலோ வரும். அதில் 313 மணியை எண்ணி எடுத்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சிறிய அளவா உலகத்தைச் சூடாக்குகிறது என்று கேட்கத் தோன்றும். காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்சிஜனும் பூமியிலிருந்து மேலே போகும் வெப்பத்தைத் தடுப்பதில்லை. அந்த உள்ளங்கை அளவு தடுக்கிறது. அது அடியோடு இல்லாமல் போனால் பூமி உறைந்துவிடும். கூடிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதுதான் இப்போதைய கேள்வி.

முதல் ஆண்டில் கருவி ஒழுங்காக ஓடவில்லை. மலையில் மின்சாரம் அடிக்கடி நின்றது. ஓடிய நாட்களிலும் அளவு ஒரே மாதிரி இல்லை. மே வரை ஏறியது. மின்தடைக்குப் பிறகு பின்னர் பார்த்தால் இறங்கியிருந்தது. கருவியில் கோளாறு என்றே முதலில் நினைக்கத் தோன்றும். அடுத்த ஆண்டும் அதே தேதிகளில் அதே ஏற்றமும் இறக்கமும் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. உலகத்தின் நிலப்பரப்பில் பெரும்பகுதி பூமியின் வட பாதியில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே இலை உதிர்ந்து, மட்கி, மண்ணிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. மே மாதத்தில் அளவு உச்சிக்குப் போகிறது. பிறகு காடு தளிர்க்கிறது, கோதுமை கதிர் விடுகிறது, மக்காச்சோளம் வளர்கிறது, ஆசியாவில் மழை இறங்கி நெல் நடவாகிறது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் வரை அளவு இறங்குகிறது. பத்து லட்சத்தில் ஆறு ஏழு பங்கு ஏறி இறங்கும் இந்த ரம்பப் பல் போன்ற கோடு, பயிர் பச்சைகள் எல்லாம் சேர்ந்து விடும் ஒரு மூச்சு. மேட்டூர் திறப்பை எதிர்பார்த்து வரப்பு வெட்டும் நாட்களில் அந்த மலையில் கோடு உச்சியில் நிற்கிறது. சம்பா நாற்று பச்சை பிடிக்கும்போது அது அடிமட்டத்தில் இருக்கிறது.

இந்த மூச்சு 1958-ல் இருந்ததைவிட இப்போது ஆழமாகிவிட்டது. ஏற்ற இறக்கத்தின் அளவு கூடியிருக்கிறது. 2014-ல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியான இரண்டு ஆய்வுகள் அதற்கு ஒரு காரணமாகக் காட்டியது பசுமைப் புரட்சியை. கோதுமை, நெல், மக்காச்சோளம், சோயா ஆகியவற்றின் விளைச்சல் பெருகியதால் வயல்கள் வளர்பருவத்தில் கூடுதலாக உறிஞ்சுகின்றன, அறுவடைக்குப் பின் கூடுதலாக வெளிவிடுகின்றன. ஏற்ற இறக்கம் கூடியதில் கால் பங்கு வரை இதனால் இருக்கலாம் என்று அந்த ஆய்வுகளில் ஒன்று கணக்கிட்டது. ஐ.ஆர்.8 நட்ட கைகளின் தடம் பசிபிக் நடுவே ஓர் எரிமலைக் கருவியில் விழுந்திருக்கிறது என்பதை எத்தனை விவசாயிகள் அறிவார்கள்?

மூச்சு ஏறி இறங்கினாலும் பழைய இடத்துக்கு இறங்குவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் கோடு சற்று மேலே போய் நிற்கிறது. 1960-களில் ஆண்டுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகக் கூடியது. சமீபப் பத்து ஆண்டுகளில் சராசரியாக இரண்டரைப் பங்கு. 2013 மே மாதத்தில் ஒரு நாள் அளவு முதல்முறையாக 400-ஐத் தொட்டது. 2025 மே மாதச் சராசரி 430-ஐத் தாண்டியது. அண்டார்டிகாவின் பனிக்கட்டியைத் துளைத்து எடுத்து, அதில் சிறைப்பட்ட பழைய காற்றுக் குமிழிகளை அளந்து பார்த்திருக்கிறார்கள். 8 லட்சம் ஆண்டுகளில் இந்த அளவு 300-ஐத் தாண்டிப் போனதே இல்லை. நீராவி இயந்திரங்கள் பெருகுவதற்கு முன்பு 280 பக்கம்தான் இருந்தது.

எரிமலை மீது உட்கார்ந்துகொண்டு அளந்தால் எரிமலைப் புகையைத்தானே அளக்கிறார்கள் என்று கிராமக் கூட்டத்தில் யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. உச்சியில் உள்ள வெடிப்புகளிலிருந்து வாயு கசிவது உண்மை. இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும்போது சில நேரம் அந்த வாயுவும் சேர்ந்து வரும். அப்போது கருவியின் கோடு நடுங்கித் தாறுமாறாகத் துள்ளும். கடல் காற்று வரும்போது கோடு அலுங்காமல் நிற்கும். துள்ளிய மணி நேரங்களைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் கணக்கு எழுதுகிறார்கள். உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் விடும் கரியமில வாயு, மனிதர் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொரு சாட்சியும் உண்டு. காற்றில் உள்ள கரிமத்தில் ஒரு சிறு பகுதி கதிரியக்கம் உடையது. 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும். பழைய விதையில் முளைப்புத் திறன் போய்விடுவதைப் போல, கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அந்த வகைக் கரிமம் மிச்சமே இருக்காது. காற்றில் சேரும் கரிமம் எவ்வளவு பழையது என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம். எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும் அல்லவா? காற்றில் ஆக்சிஜனும் அதற்கேற்பக் கடுகளவு குறைந்து வருவதைக் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் அளந்து காட்டியிருக்கிறார். திருடனின் காலடியும் கைரேகையும் ஒரே இடத்தில் கிடைத்த மாதிரி.

இந்தக் கணக்குப் புத்தகம் இடைவிடாமல் எழுதப்பட்டது என்று சொல்ல முடியாது. 1964-ல் பணம் வெட்டப்பட்டுச் சில மாதங்கள் அளவு எடுக்கவில்லை. கோட்டில் அந்த இடம் இன்றும் வெறுமையாக இருக்கிறது. 2022 நவம்பர் 27 இரவு மலையே குறுக்கே வந்தது. 38 ஆண்டு தூக்கத்துக்குப் பிறகு மவுனா லோவா வெடித்தது. மறுநாள் குழம்பு ஆய்வுக்கூடச் சாலையின் மேல் ஓடி மின்கம்பங்களையும் சாய்த்தது. ஆய்வுக்கூடம் பிழைத்தது; போகும் வழி போய்விட்டது. சில நாட்களிலேயே எதிரே உள்ள மவுனா கியா உச்சியில், பல்கலைக்கழகத் தொலைநோக்கிக் கட்டடம் ஒன்றில் கருவியை வைத்து அளவைத் தொடர்ந்தார்கள். மறு ஆண்டு பழைய இடத்தில் சூரிய மின்தகடு வைத்துச் சில கருவிகளை மீண்டும் ஓட்டினார்கள். கருவி போதாதென்று குடுவையில் காற்றுப் பிடிக்கும் பழைய வழக்கமும் விடவில்லை. பிடிக்கிறவர் காற்று வரும் திசையைப் பார்த்து நின்று, தன் மூச்சை அடக்கிக்கொண்டு குடுவையைத் திறக்க வேண்டும். ஒருவர் விடும் மூச்சு கலந்தாலும் கணக்குக் கெட்டுவிடும்.

இந்த மலையின் கணக்கில் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது பலர் கண்ணில் படுவதில்லை. மனிதர் வெளியே விடும் கரியமில வாயு முழுவதும் காற்றில் தங்கினால் கோடு இன்னும் செங்குத்தாக ஏறியிருக்க வேண்டும். நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு எரிப்பதாலும் சிமென்ட் தயாரிப்பதாலும் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் வெளியேறுகிறது. காடழிப்பதால் வருவது தனி. இதில் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் காற்றில் தங்குகிறது. கால் பங்குக்குச் சற்று மேல் காடும் வயலும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. கூலி கேட்காமல், சம்மதம் கேட்கப்படாமல் சுமக்கும் சுமை அது. சுமக்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை அந்தத் தீவைவிட்டு வெளியே போகாமலே பார்க்கலாம். மலையிலிருந்து இறங்கினால் போதும்.

இறங்கும் வழியில் முதலில் வருவது காடு. ஓஹியா என்ற மரம் எரிமலைப் பாறை வெடிப்பிலேயே வேர்விட்டுச் சிவந்த பூப் பூக்கும். அதில் தேன் குடிக்க வளைந்த அலகோடு செந்நிறக் குருவிகள் வரும். அந்த இனக் குருவிகள் ஒரு காலத்தில் 50 வகைக்கு மேல் இருந்தன. இப்போது 17 வகைதான். அவற்றைக் கொல்வது கொசு. ஹவாய்த் தீவுகளில் முன்பு கொசுவே கிடையாது. 1826-ல் ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாயில் புழுவாக வந்து இறங்கியது என்பார்கள். பிறகு பறவை மலேரியாவும் சேர்ந்தது. எதிர்ப்புச் சக்தி இல்லாத குருவிகளில் சில வகைக்கு ஒரே கடி போதும்.

தாழ்வான காடுகளில் குருவி ஒழிந்தது. உயரமான குளிர்ந்த காடுகளில் பிழைத்தது. காரணம் எளியது. சுமார் 13 டிகிரிக்குக் கீழே மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளராது. குளிர்தான் குருவிக்கு வேலி. உலகம் சூடாகும்போது அந்த வேலி மேலே மேலே நகர்கிறது. கவாய் என்ற பக்கத்துத் தீவின் உயர்ந்த சிகரமே சுமார் 1,600 மீட்டர்தான். அங்கே குருவிக்கு ஏறிப்போக மேலே இடமில்லை. அகிகிகி என்ற சாம்பல் குருவியில் காட்டில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இருந்தவற்றில் சிலவற்றைப் பிடித்துக் கூண்டில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். மவுயித் தீவில் 2023 முதல் ஹெலிகாப்டரிலிருந்து ஆண் கொசுக்களைக் கொட்டுகிறார்கள். அவற்றோடு சேர்ந்த பெண் கொசுவின் முட்டை பொரியாது. பழ ஈக்குக் கருத்தடை ஆண் ஈயை விடும் அதே யோசனைதான்.

பெரிய தீவில் மலை உயரம். ஏறிப்போக இடம் உண்டு. ஆனால் மேலே காடு இல்லை. நூறு ஆண்டுக்கு மேல் மாடும் ஆடும் மேய்ந்து மேல்சரிவைப் புல்வெளியாக்கிவிட்டன. காட்டுப்பன்றி வேறு. பெரணி மரத்தின் தண்டைக் குடைந்து தின்றுவிட்டுப் போகும். அந்தக் குழியில் மழைநீர் தேங்கினால் கொசுவுக்குத் தொட்டில். பன்றியால் மரவள்ளியும் நிலக்கடலையும் இழந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மவுனா கியா சரிவில் ஹக்கலாவ் என்ற இடத்தில் 1985 முதல் வேலி போட்டு, மாட்டையும் பன்றியையும் வெளியேற்றி, பழைய மேய்ச்சல் நிலத்தில் மரம் நடுகிறார்கள். நம் வேல மரத்துக்கு உறவான கோஆ மரமே அதிகம். இதுவரை 5 லட்சம் நாற்றுக்கு மேல் நட்டிருக்கிறார்கள். வெப்பம் ஏறிவருவதற்குள் அதற்கு முன்னால் காடு ஏற வேண்டும். யார் முந்துவார் என்பது இன்னும் தெரியாத பந்தயம்.

மேற்குப் பக்கம் இறங்கினால் கோனா. மவுனா லோவாவின் சரிவில் இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று காப்பித் தோட்டங்கள். பெரும்பாலும் குடும்பமே பாடுபடும் சிறு தோட்டங்கள். ஜப்பானிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நடத்துபவை பல. பழம் பறிக்கும் பருவத்துக்காகப் பள்ளிக்கூட விடுமுறையையே 1969 வரை அங்கே மாற்றி வைத்திருந்தார்கள். 2010-ல் காய்த்துளைப்பான் வந்தது. 2020-ல் இலைத்துரு வந்தது. ஏற்காடு, கூடலூர்க்காரர்களுக்கு இரண்டும் பழைய எதிரிகள். இந்த இரண்டையும் புவி வெப்பத்தின் தலையில் கட்டுவது சரியல்ல. இவை மனிதர் போக்குவரத்தில் வந்தவை. ஆனால் வந்த பிறகு அவை பெருகுவதும் அடங்குவதும் மழையையும் வெப்பத்தையும் பொறுத்தவை. கோனாப் பக்கம் மழை நீண்ட காலமாகக் குறைந்து வருகிறது.

காப்பித் தோட்டத்தில் நின்று இன்னொரு கேள்வி கேட்கலாம். நம் ஊரிலும் கேட்கிறார்கள். கரியமில வாயு பயிருக்குச் சாப்பாடுதானே, கூடினால் விளைச்சல் கூடாதா? ஓரளவுக்கு உண்மை. நெல், கோதுமை, பயறு, பருத்தி ஆகியவை கூடுதல் கரியமில வாயுவில் கூடுதலாக வளர்வதைத் திறந்தவெளிச் சோதனைகளிலேயே பார்த்திருக்கிறார்கள். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் அந்த லாபம் பெரிதாக இல்லை. களைக்கும் அதே விருந்து உண்டு என்பதை மறக்கக் கூடாது. நெல் பூக்கும் வேளையில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் விழும். இரவு சூடானால் பகலில் செய்த மாவுச்சத்தைப் பயிர் மூச்சிலேயே செலவழித்துவிடும். கூடுதல் கரியமில வாயுவில் விளைந்த நெல்லிலும் கோதுமையிலும் இரும்பும் துத்தநாகமும் குறைகின்றன. மூட்டை கூடி, சத்துக் குறைந்த விளைச்சல் யாருக்கு லாபம்?

மவுனா லோவா ஆய்வுக்கூடம் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும்கூட அளக்கிறது. இரண்டும் ஏறுமுகம்தான். மீத்தேனில் ஒரு பங்கு தண்ணீர் நின்ற நெல்வயலிலிருந்தும் மாட்டின் அசைபோடலிலிருந்தும் வருகிறது. நைட்ரஸ் ஆக்சைடு பயிர் எடுத்துக்கொள்ளாமல் மண்ணில் மிஞ்சிய தழைச்சத்திலிருந்து வருகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் குறையும் என்பது நிரூபணமான விஷயம். இலை வண்ண அட்டை பார்த்து யூரியா போட்டால் மிஞ்சுவதும் குறையும். அதற்காக நிலக்கரிக்குச் சொல்ல வேண்டிய பதிலை நெல்லின் தலையில் ஏற்றுகிறவர்களின் பேச்சை ஏற்க வேண்டியதில்லை. காற்றில் கூடிய கரியமில வாயுவின் பெரும்பங்கு எரிபொருளிலிருந்து வந்தது.

காப்பித் தோட்டத்திலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஹவாயின் பழைய நிலப் பிரிவு மலை உச்சியில் தொடங்கிக் கடலில் முடியும். வெட்டிய பூசணித் துண்டைப் போல ஒரு பிரிவு. மேலே காடு, நடுவே சேம்பும் சர்க்கரைவள்ளியும், கீழே மீன். ஒரு கூட்டத்தாருக்கு எல்லாம் அதற்குள் கிடைக்கும். அஹுபுவா என்று அதற்குப் பெயர். அவர்கள் மொழியில் தண்ணீருக்கு 'வை', செல்வத்துக்கு 'வைவை'. ஏரியும் வாய்க்காலும் வைத்து ஊரை அளந்த நமக்கு இது எளிதில் புரியும்.

கடல் வாங்கிய கால் பங்கின் கணக்கை எழுதும் இடமும் அந்தத் தீவுக்கூட்டத்திலேயே இருக்கிறது. ஒவாகு தீவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில், அலோஹா நிலையம் என்ற பெயருள்ள கடற்பரப்பு. கட்டடம் எதுவும் இல்லை. 1988 அக்டோபரிலிருந்து ஏறக்குறைய மாதம் ஒருமுறை கப்பல் போய், ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறது. காற்றில் கரியமில வாயு ஏறிய அதே போக்கில் கடல்நீரிலும் ஏறியிருக்கிறது. மண்வள அட்டையில் உள்ள கார அமில நிலையை எல்லா விவசாயிகளும் அறிவார்கள். அதே அளவுகோலில் அந்தக் கடலின் மேற்பரப்பு 1988-ல் 8.1-க்குச் சற்று மேலே இருந்தது. இப்போது 8.05-ஐ ஒட்டி இருக்கிறது. இது என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. அந்த அளவுகோலில் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். தொழிற்சாலைக் காலம் தொடங்கியதிலிருந்து உலகக் கடல்கள் 0.1 அளவு இறங்கியிருக்கின்றன. அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடிவிட்டது. கடல் இன்னும் காரமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிப்பிக்கும் சங்குக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்புச் சத்து கிடைப்பது கடினமாகிறது. வண்டல் நிலத்தை உவராக்கினால் அடுத்த போகத்தில் தெரியும். பசிபிக் பெருங்கடலின் நிலை மாறினால் திருப்ப யாரிடம் ஜிப்சம் இருக்கிறது?

வெப்பம் தனிக் கணக்கு. பூமியில் கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. 2015-ல் கோனாக் கடற்கரையில் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகி மாதக்கணக்கில் அப்படியே நின்றது. பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுவது ஒரு நுண்பாசி. சூடு தாங்காமல் பவளம் அந்தப் பாசியைத் துப்பிவிடும். நிறம் போய் வெளுக்கும். சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். அந்த ஆண்டு குளிரவில்லை. மேற்குக் கரையில் இருந்த பவளத்தில் சுமார் பாதி செத்துப்போனது. பவளம் போனால் மீன் போகும், அலைக்கு அணையும் போகும்.

அந்தக் கரையில் 2003 முதல் 2019 வரை எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்து, 2023-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெப்பம் எல்லா இடத்திலும் ஒன்றாகத்தான் அடித்தது. ஆனால் எல்லாப் பவளமும் ஒரே மாதிரி சாகவில்லை. நிலத்திலிருந்து கழிவுநீர் குறைவாக வந்து, பாசி மேயும் மீன்கள் நிறைய இருந்த இடங்களில் பவளம் கூடுதலாகப் பிழைத்தது. நல்ல உரமும் ஈரமும் இருந்த வயல் வறட்சியைச் சற்றுத் தாங்குவது போல.

அந்தக் கழிவுநீர் வருவது வீடுகளிலிருந்து. தளமில்லாத மலக்குழிகள் ஹவாய் மாநிலத்தில் 80,000-க்கு மேல் இருக்கின்றன. பாதிக்கு மேல் இந்தப் பெரிய தீவில். எரிமலைப் பாறை சல்லடை மாதிரி. குழியில் விழுந்தது கீழே ஊறிக் கடலுக்குப் போய்ச் சேரும். 2050-க்குள் எல்லாவற்றையும் மூடிச் சுத்திகரிப்புத் தொட்டியாக மாற்ற வேண்டும் என்று 2017-ல் சட்டம் போட்டார்கள். ஒரு வீட்டுக்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். இரண்டு ஏக்கர் காப்பியை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சில ஆண்டு வருமானம். யார் எவ்வளவு கொடுப்பது, அரசு எவ்வளவு தாங்குவது என்ற பேச்சு அங்கே இன்னும் முடியவில்லை.